கப்பலில் இரவுச் சாப்பாடு: ஐந்தரை மணியா, எட்டு மணியா?

திருச்சியிலிருந்து ஒரு வாசகர், 2024 நவம்பர் 12

மார்ச் மாதம் அப்பா அம்மாவோடு சிங்கப்பூரிலிருந்து மலேசியாவின் பினாங்கு, தாய்லாந்தின் புக்கெட் போய்த் திரும்பும் 4 இரவுக் கப்பல் பயணத்துக்குப் பதிவு செய்யப்போகிறேன். அப்பாவுக்கு 70 தாண்டிவிட்டது. அம்மா முட்டைகூடத் தொடமாட்டார். இரவு உணவுக்கு மாலை ஐந்தரை, இரவு எட்டு, விருப்பமான நேரம் என்று மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். சைவம் சாப்பிடுகிறவர்களுக்குப் பஃபேயே போதும், மேசையில் உட்கார்ந்து பரிமாறச் சொல்லிச் சாப்பிடுவது நேரத்தை வீணாக்கும் வேலை என்பது என் எண்ணம். போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

போய்வந்த ஒருவரின் பதில், 2024 நவம்பர் 12, இரவு

பஃபே போதும் என்பதே என் பதிலும். 2022 டிசம்பரில் கணவரோடும் இரண்டு பிள்ளைகளோடும் இதே பாதையில் போய்வந்தேன். நான்கு இரவில் மூன்று இரவு பஃபேயில்தான் சாப்பிட்டோம். சோறு, பருப்பு, ஏதாவது ஒரு காய்கறிக் குழம்பு, நான் ரொட்டி, அப்பளம் என்று இந்தியச் சாப்பாட்டுக்குத் தனி வரிசை தினமும் இருந்தது. பெரிய உணவுக்கூடத்தில் சூப்பில் தொடங்கி இனிப்பில் முடிய ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. சின்னவன் பாதியிலேயே மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டான்.

பெற்றோருக்கு ஐந்தரை மணியைப் பதிந்துவிடுங்கள். வயதானவர்கள் சீக்கிரம் சாப்பிட்டுப் படுப்பவர்கள். போக மனமில்லாத நாளில் போகாமல் விடலாம், யாரும் கேட்கமாட்டார்கள். உணவுக்கூடம், பஃபே இரண்டும் டிக்கெட்டிலேயே அடக்கம். தனிப் பெயர் வைத்த ஜப்பானிய, இத்தாலிய உணவகங்களுக்குத்தான் மேற்கொண்டு பணம்.

2024 நவம்பர் 13, காலை

நேற்று இரவு எழுதியதில் ஒரு பிழை. ஐந்தரை மணி என்றேனே, அது சிங்கப்பூர் நேரம். நம் ஊரில் அப்போது பிற்பகல் மூன்று மணி. முந்தைய நாள் திருச்சியில் விமானம் ஏறி வந்தவருக்கு மதியச் சாப்பாடே செரித்திருக்காது. அந்த நேரத்தில் சூப்பை முன்னால் வைத்தால் எப்படிச் சாப்பிடுவார்? எட்டு மணி என்பது நம் உடம்புக்கு மாலை ஐந்தரைதான்.

ஆகவே இப்படி வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் நான்கைந்து நாள் தங்கி ஊர் சுற்றிவிட்டுக் கப்பல் ஏறுவதாக இருந்தால் ஐந்தரை. வந்த மறுநாளே ஏறுவதாக இருந்தால் எட்டு. அரங்கில் நடக்கும் ஆட்டம் பாட்டு எல்லாம் இரண்டு காட்சியாக நடக்கும். ஐந்தரை மணிக்குச் சாப்பிட்டவர்கள் பிந்திய காட்சிக்கும், பிந்திச் சாப்பிடுகிறவர்கள் முதல் காட்சிக்கும் போகிற மாதிரிதான் நேரம் வைத்திருப்பார்கள்.

2024 நவம்பர் 13, மாலை

அதிகாலை விமானத்தில் வந்து இறங்கி அன்று மதியமே கப்பல் ஏறலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம். விமானம் நான்கு மணி நேரம் தாமதமானால் கப்பல் உங்களுக்காக நிற்காது, கட்டிய பணமும் திரும்பாது. ஒரு இரவு விடுதி வாடகையை இதற்கென்றே ஒதுக்குங்கள்.

2024 நவம்பர் 18

அறையைப் பற்றி. ஜன்னல் இல்லாத உள் அறை, ஜன்னல் அறை, பால்கனி அறை என்று விலை ஏறிக்கொண்டே போகும். எல்லோரும் பால்கனியைப் பற்றியே பேசுகிறார்கள். பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அறை கப்பலின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்பதைத்தான். சீசாப் பலகையின் ஓரத்தில் உட்கார்ந்தவருக்கு ஆட்டம் அதிகம், நடுவில் இருப்பவருக்குக் குறைவு. அதே கணக்குதான். நீளவாக்கில் நடுப்பகுதி, உயரத்தில் கீழ்த்தளங்கள், பக்கத்திலேயே லிஃப்ட். 300 மீட்டருக்கு மேல் நீளமான கப்பலில் ஒரு முனையில் அறையும் மறு முனையில் உணவுக்கூடமும் இருந்தால் முழங்கால் வலிக்காரர்கள் ஒரு நாளில் களைத்துவிடுவார்கள்.

மலாக்கா நீரிணைக்கு ஒரு பக்கம் சுமத்ரா, மறுபக்கம் மலேசியத் தீபகற்பம். அதனால் பெரும்பாலும் அலை அடங்கியே இருக்கும். புக்கெட் பக்கம் அப்படிச் சொல்ல முடியாது. அது அந்தமான் கடல். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அலை பெரிதாகும். மார்ச்சில் போகிறவர் கவலைப்பட வேண்டாம், ஜூலையில் போகிறவர் யோசிக்க வேண்டும்.

2024 நவம்பர் 24

விசா. பலர் கோட்டைவிடும் இடம் இது. கப்பலில் ஏறும்போது சிங்கப்பூரை விட்டு வெளியேறிவிட்டதாகவே கணக்கு; ஐந்தாம் நாள் திரும்பி இறங்குவது புதிய நுழைவு. ஆகவே இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் தங்கள் சிங்கப்பூர் விசா பலமுறை நுழைய அனுமதிப்பதுதானா, முடியும் தேதி கப்பல் திரும்பும் நாளுக்குப் பிறகுதானா என்று இரண்டு முறை பாருங்கள். கடவுச்சீட்டு ஆறு மாதமாவது செல்ல வேண்டும்.

சிங்கப்பூரின் இணைய வருகை அட்டையையும் திரும்பும்போது மறுபடி நிரப்ப வேண்டும். வந்து சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள்தான் நிரப்ப விடுவார்கள். நான்கு இரவுப் பயணத்தில் அந்த மூன்று நாளும் பயணத்துக்கு நடுவிலேயே விழும். கிளம்புமுன் முடித்துவிட முடியாது. புக்கெட்டில் இறங்குகிற நாளில், கரையில் இணையம் கிடைக்கும்போது நிரப்பிவிடுங்கள்.

மலேசியா 2023 டிசம்பர் 1 முதலும் தாய்லாந்து 2024 ஜூலை 15 முதலும் இந்தியர்களுக்கு விசா விலக்கு அளித்திருக்கின்றன. இவை மாறக்கூடிய விதிகள். டிக்கெட் எடுக்கிற வாரத்தில் தூதரகத் தளத்தில் பார்த்துவிடுங்கள்.

2024 டிசம்பர் 5

"சாப்பாடு இலவசம், அப்புறம் என்ன செலவு?" என்று கேட்டிருக்கிறார் ஒருவர். அன்பளிப்புத் தொகை என்று ஒன்று இருக்கிறது. பெரிய கப்பல்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு 16 முதல் 20 அமெரிக்க டாலர் வரை தானாகவே கணக்கில் ஏறும், குழந்தைக்கும் சேர்த்து. 18 டாலர் என்று வைத்தாலும் நான்கு பேருக்கு நான்கு இரவுக்கு 288 டாலர். எங்களுக்குப் பதிவு செய்து கொடுத்த முகவர் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. கடைசி நாள் கணக்குச் சீட்டில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. பணம் அறையைச் சுத்தம் செய்கிறவருக்கும் பரிமாறுகிறவருக்கும் போகிறது, அதில் எனக்கு மனக்குறை எதுவும் இல்லை. முன்னாலேயே சொல்வதற்கு என்ன?

தண்ணீர், காலைக் காப்பி, தேநீர் எல்லாம் பஃபேயில் சும்மா கிடைக்கும். குளிர்பானம், மது, நல்ல காப்பிக் கடை ஆகியவற்றுக்குப் பணம். மது வரம்பின்றிக் குடிக்கும் திட்டத்தை ஒருவர் வாங்கினால் அதே அறையில் இருக்கும் மற்றப் பெரியவரும் வாங்கியாக வேண்டும் என்று பல நிறுவனங்கள் கட்டாயப்படுத்துகின்றன. கணவனும் மனைவியும் ஒரே அறையில், ஒருவருக்கு மட்டும் குடிப்பழக்கம் என்றால் முன்கூட்டியே விசாரியுங்கள்.

செல்போனைக் கப்பல் நகர்ந்ததும் ஏர்பிளேன் மோடுக்கு மாற்றுங்கள். நடுக்கடலில் அது கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பைப் பிடித்துக்கொண்டால் ரோமிங் கட்டணம் தலைக்கு மேல் போய்விடும்.

2024 டிசம்பர் 6

மருமகள் கருவுற்றிருக்கிறார் என்று கேட்ட அம்மாவுக்கு: பயணம் முடியும் நாளில் 24 வாரம் எட்டியிருந்தால் ஏற்றமாட்டார்கள். அதற்கு முன்பென்றாலும் மருத்துவரின் கடிதம் கையில் இருக்கட்டும். கைக்குழந்தைக்குப் பொதுவாக ஆறு மாதம் நிறைந்திருக்க வேண்டும்.

2025 ஜனவரி 21

பிப்ரவரியில் மறுபடி போகிறேன், இந்த முறை என் அப்பா அம்மாவோடு. அப்பாவுக்கு 74. இரவுச் சாப்பாட்டுக்கு எட்டு மணி வரிசை பதிந்திருக்கிறேன்.

பெட்டி கட்டும்போது தெரிந்துகொண்டவை. ரைஸ் குக்கர், மின்சாரக் கெட்டில், இஸ்திரிப் பெட்டி எதையும் உள்ளே விடமாட்டார்கள். தீ பயம். சோதனையில் எடுத்து வைத்துக்கொண்டு கடைசி நாள் தருவார்கள். வீட்டில் செய்த புளியோதரை, சப்பாத்தி போன்றவற்றையும் தடுப்பார்கள். உறை பிரிக்காத தின்பண்டம் போகும். அம்மா ஒரு பாட்டில் மாவடு கட்டிவைத்திருந்தார். கடையில் வாங்கிய, மூடி திறக்காத நார்த்தங்காய் ஊறுகாயாக மாற்றச் சொன்னேன். நேற்றிலிருந்து என்னோடு சரியாகப் பேசவில்லை.

கப்பல் அறையின் சுவர் இரும்பு. காந்தக் கொக்கி நான்கு வாங்கிக்கொள்ளுங்கள். துண்டு, தொப்பி, மருந்துப் பை எல்லாம் தொங்கவிடலாம். பெரிய பெட்டியை ஏறும் இடத்திலேயே வாங்கிக்கொள்வார்கள், அறைக்கு வந்து சேர மாலை ஆகிவிடும். மாத்திரையும் மாற்றுத் துணியும் கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

2025 பிப்ரவரி 16

போய்வந்துவிட்டேன். பஃபே போதும் என்று நவம்பரில் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். பெரியவர்களோடு போகிறவர்களுக்கு அது தவறான யோசனை. திருச்சித் தம்பி, உங்களுக்காகத்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

முதல் நாள் மதியம் பஃபேக்குத்தான் போனோம். ஏறிய எல்லோரும் அங்கேதான். அப்பா ஒரு கையில் தட்டு, ஒரு கையில் கைத்தடியோடு நின்றார். கரண்டி எடுக்க மூன்றாவது கை வேண்டும். நான் அம்மாவுக்கு எது சைவம் என்று பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அவர் ஒரு வாழைப்பழத்தையும் ரொட்டித் துண்டையும் எடுத்துக்கொண்டு போய் ஓரமாக உட்கார்ந்துவிட்டார். "எனக்குப் பசி இல்லையம்மா" என்றார். காலை ஏழு மணிக்கு இட்லி சாப்பிட்டவர்.

அம்மா சூப் எடுத்தார். கிண்ணத்தின் முன்னால் காய்கறி சூப் என்றுதான் எழுதியிருந்தது. பாதி குடித்தபிறகு எனக்குச் சந்தேகம் வந்து கரண்டி பிடித்தவரைக் கேட்டேன். அவர் உள்ளே போய் விசாரித்துவிட்டு வந்து, அடிச்சாறு கோழியில் செய்தது என்றார். காய்கறி இருக்கிறது, ஆகவே காய்கறி சூப். அம்மா கிண்ணத்தைத் தள்ளிவைத்தார். எதுவும் சொல்லவில்லை. எழுந்துபோய் வாய் கொப்பளித்துவிட்டு வந்தார். அன்று மாலை வரை தண்ணீர் மட்டும்தான்.

இரவு எட்டு மணிக்கு உணவுக்கூடத்துக்குப் போனபோது அந்தப் பகுதியின் தலைமைப் பரிமாறுநரை அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். முட்டை, மீன், இறைச்சி, எலும்புச் சாறு எதுவும் கூடாது. பால், தயிர், நெய் கூடும். அவர் ஒரு சிறு தாளில் எழுதிக்கொண்டார். அன்று இரவு பருப்பு, உருளைக்கிழங்கு மசாலா, சோறு வந்தது. சாப்பிட்டு முடித்ததும் மறுநாள் இரவுக்கான பட்டியலைக் கொண்டுவந்து அம்மாவின் முன்னால் விரித்து, இதில் எது வேண்டும், பட்டியலில் இல்லாதது ஏதாவது சமைக்கட்டுமா என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்தார். "வெண்டைக்காய் இருக்குமா என்று கேள்" என்றார். மறுநாள் இரவு வெண்டைக்காய் வந்தது.

நிலையான நேரத்துக்கு அதே மேசை, அதே பரிமாறுநர். இரண்டாம் நாள் நாங்கள் போய் உட்காருமுன்பே அப்பாவின் இடத்தில் வெந்நீர் இருந்தது, கைத்தடி சாய்க்க ஒரு நாற்காலியும் ஒதுக்கியிருந்தது. விருப்பமான நேரம் என்று எடுத்தால் தினம் வேறு மேசை, வேறு ஆள். தினமும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். உங்கள் அம்மாவுக்காக நிலையான நேரத்தையே எடுங்கள்.

2025 பிப்ரவரி 17

சூப்பைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பாதையில் சமையல் பாதி மலாய், தாய் முறை. சம்பாலில் பெலாச்சான் என்ற இறால் விழுது இருக்கும். காய்கறிப் பொரியலில் சிப்பிச் சாஸ் சேரும். தாய் சாலட்டில் மீன் சாஸ். குலுங்கும் இனிப்புகளில் ஜெலட்டின், அது மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுப்பது. கேக்கில் முட்டை. "சைவமா?" என்று கேட்டால் இறைச்சித் துண்டு இல்லை என்ற பொருளில் ஆம் என்றுவிடுவார்கள். சாறு எதில் செய்தது, சாஸ் எது என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். பதிவு செய்யும்போதே இந்திய சைவம் அல்லது ஜைன உணவு என்று எழுதிக்கொடுப்பது நல்லது; ஏறிய பிறகும் முதல் இரவே நேரில் சொல்ல வேண்டும்.

2025 பிப்ரவரி 19

பினாங்கு நாளில் மட்டும் கப்பல் சாப்பாட்டை விட்டுவிடுங்கள். கப்பல் நிற்கும் சுவெட்டன்ஹாம் துறை ஜார்ஜ் டவுனுக்குள்ளேயே இருக்கிறது. 2008 முதல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இருக்கும் ஊர். கரையிலிருந்து லிட்டில் இந்தியாவுக்கு நடந்தே போகலாம், வெயிலுக்கு அஞ்சுபவர்கள் வண்டி பிடிக்கலாம். குயின் தெருவில் மகாமாரியம்மன் கோயில், 1833-இல் கட்டியது. பக்கத்துத் தெருக்களில் வாழை இலைச் சாப்பாடு, தமிழில் கேட்டால் தமிழிலேயே பதில். அம்மா இரண்டாம் முறை ரசம் கேட்டு வாங்கிக் கையில் ஊற்றிக் குடித்தார்.

எட்டு மணி மேசைக்கு அன்று வரமாட்டோம் என்று முந்தின இரவே சொல்லிவைத்தோம். அந்த வெண்டைக்காய் எப்போது வந்தது என்று கணக்குப் போட்டுக் கேட்பவருக்கு: ஆம், 16-ஆம் தேதிக் குறிப்பில் மறுநாள் என்று எழுதியது தவறு. பினாங்கு இரண்டாம் நாள். வெண்டைக்காய் மூன்றாம் நாள் இரவுதான் வந்தது, வெந்நீரும் நாற்காலியும் அன்றுதான்.

2025 பிப்ரவரி 23

புக்கெட். படாங் விரிகுடாவில் கப்பல் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும். சிறு படகில் இறங்கிக் கரைக்குப் போக வேண்டும். ஊழியர்கள் இரண்டு பக்கமும் கை பிடித்து இறக்குவார்கள். அலை பெரிதாக இருந்தால் இறங்குவதையே ரத்து செய்துவிடுவார்கள்.

தாய்லாந்து நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி பின்னால். எங்கள் கப்பலில் கடிகாரத்தை மாற்றவில்லை, சிங்கப்பூர் நேரமே கப்பல் நேரம். கடைசிப் படகு கப்பல் நேரம் ஐந்து மணி. கடற்கரையில் என் செல்போனைப் பார்த்தேன், மூன்று இருபது. இன்னும் நேரம் இருக்கிறதே, ஒரு இளநீர் குடிக்கலாம் என்றேன். அப்பா தன் பழைய எச்எம்டி கைக்கடிகாரத்தைத் திருப்பிக் காட்டினார். நான்கு இருபது. செல்போன் கரையேறியதும் தாய்லாந்து நேரத்துக்குத் தானாக மாறியிருந்தது. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்த அந்த நடை எனக்கு மறக்காது. நான்கு நாற்பத்தைந்துக்குப் படகில் ஏறினோம். சாவி கொடுக்கும் கைக்கடிகாரம் ஒன்று கட்டாயம் கட்டிக்கொண்டு போங்கள்.

படகில் உட்கார்ந்தபிறகு அப்பா தன் அத்தையைப் பற்றிச் சொன்னார். ஐம்பதுகளில் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கு போனவர். 1926-இல் கட்டிய கப்பல் அது. சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று எழுபதுகளின் தொடக்கம்வரை ஓடியது. நாகையில் கப்பல் கரைக்கு வராது, வெளியே நிற்கும். தோணியில் போய்த்தான் ஏற வேண்டும். வழியனுப்பப் போன அப்பாவுக்கு அப்போது ஏழெட்டு வயது. அத்தை பாயும் ஒரு ஜாடி ஊறுகாயும் வைத்திருந்தாராம், தோணி ஆடும்போது ஜாடியை மடியில் இறுக்கிக்கொண்டாராம். அதற்குப் பின் வந்த சிதம்பரம் கப்பல் 1985-இல் தீப்பிடித்ததோடு அந்தப் பாதை நின்றுபோயிற்று. இதைக் கேட்டுக்கொண்டிருந்த அம்மா என் பக்கம் திரும்பி, "ஜாடி போயிருக்கிறது பார்" என்றார்.

2025 பிப்ரவரி 24

பாதுகாப்புப் பயிற்சிக்குப் போகாமல் தப்பிக்க வழி உண்டா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள். 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா என்ற பயணிகள் கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்தது, 32 பேர் இறந்தார்கள். அன்றுதான் ஏறிய பயணிகள் பலருக்குப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. அதன்பின்தான் கப்பல் கிளம்புமுன் அல்லது கிளம்பிய உடனே பயிற்சி என்று விதியை இறுக்கினார்கள். காணொளியைப் பார்த்துவிட்டு உங்கள் கூடுமிடத்துக்கு நடந்துபோய்ப் பதிந்துவிட்டு வர வேண்டும், பத்து நிமிடம். கைத்தடியோடு அப்பா போனார். படிக்கட்டு வழியாக ஒருமுறை இறங்கிப் பார்த்தார், அவசரத்தில் லிஃப்ட் ஓடாது என்பதால்.

2025 மார்ச் 2

கைக்குத் தடவும் சானிட்டைசர் போதுமா என்ற கேள்விக்குப் போதும் என்று வேறொருவர் பதில் எழுதியிருந்தார். போதாது. கப்பல்களில் பரவும் வாந்திபேதிக்குப் பெரும்பாலும் நோரோவைரஸ் காரணம், அதற்கு ஆல்கஹால் சரியாக வேலை செய்வதில்லை. பஃபே வாசலில் கைகழுவும் தொட்டி இருக்கும். சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஆயிரம் பேர் பிடித்த கரண்டியைப் பிடித்தபிறகு, சாப்பிட உட்காருமுன் இன்னொரு முறை.

2025 மே 4

திருச்சித் தம்பி மார்ச்சில் போய்வந்து எழுதியிருக்கிறார். எட்டு மணி மேசை எடுத்தாராம், அவருடைய அம்மா மூன்று இரவும் தயிர்சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாராம். நிம்மதியாக இருக்கிறது. அவர் கேட்காமலே ஒரு புதுச் செய்தி: மே 1 முதல் தாய்லாந்தும் இணைய வருகை அட்டையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. வான், தரை, கடல் எந்த வழியென்றாலும் வேண்டும். கப்பல் நிறுவனம் அனுப்பும் மின்னஞ்சலில் என்ன சொல்கிறார்கள் என்று இனிப் போகிறவர்கள் பாருங்கள்.

தயிர்சாதம் எப்படிக் கிடைத்தது என்று கேட்கும் மற்றவர்களுக்கு: காலை பஃபேயில் இனிப்புச் சேர்க்காத தயிர் இருக்கும், இரவில் அதை வெளியே வைக்கமாட்டார்கள். முதல் இரவே பரிமாறுநரிடம் இனிப்பில்லாத தயிர், வெறும் சோறு, உப்பு என்று மூன்றையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். சோற்றைக் குழைய வேகவைக்கச் சொன்னால் அதையும் செய்து தருகிறார்கள். ஊறுகாய் நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும், மூடி திறக்காமல்.